ஃபைபர் போட்டுக்கு எக்கோ வாங்கப் போகிறீர்களா? முதலில் சென்சாரைப் பாருங்கள்

நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் வரை ஃபைபர் போட் வைத்திருப்பவர்களிடம் ஒருவர் மீன் காட்டும் எக்கோ விற்றுக்கொண்டு திரிகிறார். போட்டெல்லாம் கரையேறி நிற்கும்போது பார்த்து வருவார். கையோடு மாட்டியும் கொடுப்பார். எங்கள் மாமா 28,000 ரூபாய் கொடுத்து அவரிடம் ஒன்று வாங்கினார்.

கருவி போலி இல்லை, அதுதான் கூத்து. அசல் சரக்குதான், ஆனால் நம் கடலுக்குச் செய்தது இல்லை. அமெரிக்கா, கனடா பக்கம் குளிர்காலத்தில் ஏரி உறைந்துபோகும். ஆட்கள் அந்தப் பனிக்கட்டி மேலேயே நடந்து போய், துளை போட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தூண்டில் விடுவார்கள். அவர்களுக்கான செட் இது. தோளில் மாட்டும் நீலப் பை, உள்ளே திரை, 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரி, ஒயர் நுனியில் தொங்கும் சென்சார், அது துளைக்குள் மிதந்து நிற்க ஒரு ஃபோம் மிதவை. உட்கார்ந்த இடத்தை விட்டு யாரும் நகராததால் சென்சார் தன் எடையிலேயே நேராகத் தொங்கும். கீழே விட்ட தூண்டில் இரைகூடத் திரையில் ஒரு கோடாகத் தெரியும். அந்த வேலைக்கு அது அருமையான சாமான்.

நம் போட் அப்படியா நிற்கிறது? எக்கோ என்பது சத்தத்தைக் கீழே அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழம் சொல்வது. தண்ணீரில் சத்தம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். சென்சார் சாய்ந்தால் சத்தமும் சாய்ந்து போகும். சென்சாரின் முகத்தில் காற்றுக் குமிழி சேர்ந்தால் சத்தம் கீழே இறங்கவே இறங்காது. அதனால்தான் ஓடும் போட்டுக்கென்று தனி சென்சார் இருக்கிறது. பின்பக்கப் பலகையில், புரொப்பல்லர் கிளப்பும் நுரை படாத இடமாகப் பார்த்து அதை ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள்.

இந்த ஆள் செய்தது என்ன தெரியுமா? தொங்குகிற சென்சாரை ஒரு பிவிசி பைப்பில் கேபிள் டை போட்டுக் கட்டி, இன்ஜினை ஒட்டியே நிறுத்திவிட்டார். போட் மணலில் நிற்கிறது. சுவிட்சைப் போட்டதும் திரையில் இருபது மீட்டர் ஆழம், கூட்டம் கூட்டமாக மீன்!

"ஏன் தம்பி, போட்டு கரையில நிக்குது, ஆழம் எப்படிக் காட்டுது?" என்று மாமா கேட்டார்.

"அது டெமோ அண்ணே. தண்ணியில இறக்குனா நெசமாவே காட்டும்."

டெமோ என்பது என்னவோ உண்மைதான். சென்சாரே இல்லாமல் படம் ஓட்டிக் காட்டும் வசதி இந்தக் கருவிகளில் இருக்கிறது. ஆனால் அதைக் காட்டித்தான் காசு வாங்கினார்.

பிறகு கடலுக்குப் போனால், நிற்கும்போது ஆழம் ஏழு பாகம் (பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்) என்று சரியாகக் காட்டியது. இன்ஜினை முடுக்கினதும் திரை முழுக்க வெள்ளைக் கீற்று, ஆழம் பூஜ்யம். மாமாவுக்கு மீன்கூட இரண்டாம் பட்சம். பார், அதாவது கடலடிப் பாறை, எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் வலை கிழியாமல் தப்பிக்குமே என்றுதான் வாங்கினார். அதுவும் நடக்கவில்லை.

பல தடவை போன் போட்ட பிறகு வந்தார். பைப்பைக் கழற்றிவிட்டு, சென்சாரைப் போட்டின் உள்பக்கம் சிலிக்கான் வைத்து ஒட்டினார். "ஃபைபர் வழியாவே சத்தம் போயிடும்ணே" என்றார். இது பாதி உண்மை. கெட்டியான ஃபைபரில், அதற்கேற்ற சென்சாரை, குமிழி இல்லாமல் எபாக்சி வைத்து ஒட்டினால் போகும். அவர் ஒட்டிய இடமோ மிதப்புக்காக ஃபோம் அடைத்த அறைக்கு மேலே. ஃபோமில் இருப்பதே காற்றுதான், சத்தம் எப்படிப் போகும்? ஒயரில் ஃபியூஸும் கிடையாது. வெறும் டேப் சுற்றிய இணைப்பு உப்புத் தண்ணீர் பட்டுப் பச்சை பூத்துவிட்டது.

பெட்டியில் "கடல் மாடல்" என்று பெரிய ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. மாமா மகன் அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தான். அடியில் பனியில் உட்கார்ந்து மீன் பிடிக்கும் ஆள் படம்.

வாங்கப் போகிறவர்கள் பெட்டியைப் பிரித்து சென்சாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். திருகி மாட்டும் பிராக்கெட் இல்லாமல் ஒயரும் மிதவையும் மட்டும் இருந்தால் வேண்டாம். டெமோவை நிறுத்தச் சொல்லி, தண்ணீரில் போட்டை ஓட்டிக் காட்டிய பிறகு காசு கொடுங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு துண்டுச் சீட்டுதான். நல்லவேளை, பணம் ஜிபேயில் போனதால் அந்தப் பதிவு இருக்கிறது.

காசைத் திருப்பிக் கேட்டதற்கு, "தொழிலுக்கு வாங்குனா நுகர்வோர் கணக்குல வராது, கேஸ் நிக்காது" என்று சட்டம் வேறு பேசினார். தப்பு. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. நாங்கள் மனு தயார் செய்துகொண்டிருக்கிறோம். அதே நீலப் பை உங்கள் போட்டிலும் இருந்தால் தகவல் சொல்லுங்கள். ஆணையத்தின் அனுமதி வாங்கி, பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்தே மனு போடவும் வழி இருக்கிறது.