நியூஸ்பேப்பர்எஸ்ஜி: மலாயாத் தமிழர் வரலாறு தேடுவோருக்கு எவ்வளவு உதவும்?

தோட்டத் தமிழர் வரலாற்றை ஆய்வுக்கு எடுத்த மாணவர்கள் கோலாலம்பூரில் இருந்தபடியே முதலில் திறக்க வேண்டியது சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை இணையத்தில் தொகுத்து வைத்திருக்கும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம்தான். காசு கட்ட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா ட்ரிபியூன் இதழ்களில் சிலாங்கூர், பேராக் செய்திகள் நிறையவே உண்டு.

ஆனால் தேடும் சொல் அந்தக் காலத்துச் சொல்லாக இருக்க வேண்டும். போர்ட் கிள்ளான் என்று தட்டினால் 1972க்கு முந்தைய செய்தி அகப்படுவது அபூர்வம்; அன்று அது போர்ட் ஸ்வெட்டன்ஹாம். செபராங் பிறை என்பது புரோவின்ஸ் வெல்லெஸ்லி. நம்மவர்களைக் 'கூலி', 'கிளிங்' என்றுதான் எழுதினார்கள். படிக்க மனம் வலிக்கும்; ஆனாலும் அந்தச் சொற்களைப் போட்டுத்தான் தேடியாக வேண்டும். கங்காணிக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றல்ல: கடைசி எழுத்து 'ஐ' ஆகவும் இருக்கும், 'ஒய்' ஆகவும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் தேதியை மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை குறுக்குங்கள். பிறகு ஊர்ப்பெயருடன் 'ஸ்ட்ரைக்' சேர்த்துத் தேடுங்கள். அடுத்து 'டிஸ்டர்பன்ஸ்', 'அன்ரெஸ்ட்'. துரைமாரின் கண்ணுக்கு வேலைநிறுத்தம் கலவரமாகத்தான் தெரிந்தது. போராட்டத்தின் தலைவர் ஆர்.எச். நாதனின் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் இட்டு ஒரு முறை, மேற்கோள் இல்லாமல் ஒரு முறை.

அப்படியும் வரவில்லையா? பழைய தாளை எழுத்தெழுத்தாகப் படித்தது கணினி. மை மங்கிய இடத்தில் ஆங்கிலச் சிறிய 'எல்' அதற்கு 'ஐ' ஆகத் தெரியும். ஆங்கிலத்தில் 'கிளாங்' என்று எழுதப்படும் கிள்ளான் 'கியாங்' ஆகிவிடும்! அந்தத் தப்பான எழுத்துக்கூட்டலையே தட்டிப் பாருங்கள், புதிதாகச் சில செய்திகள் வெளிவரும். பக்கத்துப் பத்தியின் வரிகள் கலந்துவிடுவதும் உண்டு. ஆகவே கணினி தரும் எழுத்தை நகலெடுக்காமல், பக்கத்தின் படத்தைத் திறந்து பார்த்து எழுதுங்கள். நாளிதழ் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரங்களை வடிகட்டிவிட்டால் முடிவுகள் குறையும், வேலை எளிதாகும். கப்பல் பயணம் உங்கள் தலைப்பு என்றால் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். ரஜூலா கப்பல் எந்த நாளில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் புறப்பட்டது என்ற தகவல் விளம்பரத்தில்தான் இருக்கும்.

குறைகளும் உண்டு. சில செய்திகளின் தலைப்பு மட்டும் தெரியும். முழுதாகப் படிக்கச் சிங்கப்பூர் நூலகத்துக்கே போக வேண்டும். அதைவிடப் பெரிய குறை, அன்றைய ஆங்கில நாளிதழில் தொழிலாளியின் குரல் அரிதாகத்தான் கேட்கும். இதை மட்டும் நம்பி ஆய்வேடு எழுதக் கூடாது.

அடுத்துப் போக வேண்டிய இடம் நம் அர்கிப் நெகாரா, அதாவது மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம். அதன் இணையப் பட்டியலில் பிரிட்டிஷ் காலத்து மாநிலத் தலைமைச் செயலகமான சிலாங்கூர் செக்ரட்டேரியட்டின் கோப்புகள் இருக்கின்றன. அங்கே தேடும் முறையே வேறு. நாளிதழ்த் தளம் செய்தி முழுவதையும் துழாவும். கோப்புப் பட்டியலோ குமாஸ்தா எழுதிவைத்த தலைப்பைத்தான் பார்க்கும். நாதன் பெயர் கோப்புக்குள் பத்து இடத்தில் இருந்தாலும் தலைப்பில் இல்லையென்றால் அகப்படாது. எனவே 'இந்தியன் லேபர்', 'டோடி ஷாப்' (கள்ளுக்கடை), தோட்டத்தின் பெயர் என்று அகலமான சொற்களைப் போடுங்கள். கோப்பு எண்களை வீட்டிலேயே எழுதிக்கொண்டு காப்பகம் இருக்கும் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமுக்கு (பழைய ஜாலான் டூத்தா) கிளம்பினால், வாசிப்பறையில் உட்காரும் நேரம் முழுவதும் படிப்பதற்கே கிடைக்கும்.