ஆர்எஸ்டெஸ்ட்: தனிக் கடை விரிக்காத டெஸ்ட் மேக்ரோ

ரஸ்ட் நிரல்மொழியில் ஒரே ஃபங்ஷனைப் பத்து இன்புட் கொடுத்துச் சோதிக்க வேண்டுமென்றால், பத்து டெஸ்ட்டை காப்பி பேஸ்ட் செய்யவேண்டும், இல்லாவிட்டால் ஒரே டெஸ்ட்டுக்குள் லூப் போடவேண்டும். லூப் போட்டால் மூன்றாவது இன்புட்டில் பேனிக் ஆனதும் (பிழையில் நின்றதும்) மிச்சம் ஏழும் ஓடாமலே நின்றுவிடும். ஆர்எஸ்டெஸ்ட் கிரேட் (ரஸ்ட் லைப்ரரி) கைகொடுப்பது இங்கேதான்: ஒரே டெஸ்ட்டுக்குப் பல இன்புட்களைத் தனித்தனி 'கேஸ்'களாக எழுதிவிடலாம்.

இதில் எனக்குப் பிடித்ததே இது ரஸ்ட்டின் வழக்கமான டெஸ்ட் கமாண்டான கார்கோ டெஸ்ட்டுக்குப் போட்டியாகத் தனிக் கடை விரிக்காததுதான். கம்பைல் ஆகும்போதே ஒவ்வொரு கேஸையும் சாதாரண டெஸ்ட் ஃபங்ஷனாக மாற்றி, மூல ஃபங்ஷனின் பெயரிலேயே ஒரு மாட்யூலுக்குள் போட்டுவிடுகிறது. கேஸுக்கு 'எம்ப்டி' என்று பெயர் வைத்தால் ரிசல்ட்டில் 'கேஸ்_1_எம்ப்டி' என்று தனி வரியாக வரும், அதை மட்டும் ஃபில்டர் செய்தும் ஓட்டலாம். இக்னோர் (டெஸ்ட்டைத் தவிர்ப்பது), ஷுட் பேனிக் (பேனிக் ஆனால்தான் பாஸ்) போன்ற ஆட்ரிப்யூட்கள், அதாவது ஃபங்ஷனுக்கு மேலே எழுதும் குறிப்புகள், எல்லாம் வழக்கம்போல வேலை செய்கின்றன. ஒரே ஒரு கேஸ் மட்டும் பேனிக் ஆகவேண்டும் என்றுகூடச் சொல்லலாம். மொழியிலேயே கஸ்டம் டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் வசதி கொண்டுவர 2018-இல் ஆர்எஃப்சி என்ற முன்மொழிவு வந்தது, அது இன்னும் நைட்லி என்ற சோதனைப் பதிப்பைத் தாண்டவில்லை. கார்கோ செட்டிங்கில் ஹார்னஸை, அதாவது டெஸ்ட்டுகளை ஓட்டும் உள்ளமைந்த பகுதியை, ஃபால்ஸ் ஆக்கினால் மெயின் ஃபங்ஷனிலிருந்து எல்லாமே நம் தலையில். அதனால்தான் இந்த வழி எனக்கு நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

அசிங்க் கோடை ஓட்டும் டோக்கியோ லைப்ரரியோடு சேர்க்கும்போது வரிசையைக் கவனியுங்கள். ஆர்எஸ்டெஸ்ட் மேலே, டோக்கியோ டெஸ்ட் கீழே. மேலே இருப்பது முதலில் விரியும், தனக்குக் கீழே இருக்கும் ஆட்ரிப்யூட்களை ஒவ்வொரு கேஸுக்கும் அதுவே கொண்டுபோய் ஒட்டிவிடும்.

குறை இல்லாமல் இல்லை. ஃபிக்ஸ்சரில் (டெஸ்ட்டுக்குத் தேவையானதைத் தயார்செய்து தரும் ஃபங்ஷன்) 'ஒன்ஸ்' போட்டு ஒரே வேல்யூவை எல்லா டெஸ்ட்டுக்கும் பகிர்ந்தால் அந்த வேல்யூ டிராப்பே ஆகாது (கடைசியில் விடுவிக்கப்படாது), டெம்ப் ஃபைலை அழிக்க டிராப்பை நம்பியிருந்தால் போச்சு. கொடுத்த வேல்யூக்களின் எல்லாச் சேர்க்கைக்கும் டெஸ்ட் உருவாக்கும் 'வேல்யூஸ்' இன்னும் ஆபத்து: மூன்று ஆர்க்யுமென்ட்டுக்கு நாலு நாலு வேல்யூ கொடுத்தால் சத்தமில்லாமல் 64 டெஸ்ட் முளைத்துவிடும். கம்பைல் ஆகும்போது ஓடிக் கோடை உருவாக்கும் ப்ராக் மேக்ரோ என்பதால் கம்பைல் நேரமும் கொஞ்சம் கூடும்.

டெஸ்ட்-கேஸ் என்ற இன்னொரு கிரேட்டும் நல்லதுதான். ஆனால் அதே பெயரில் கம்பைலருக்குள் ஒரு அன்ஸ்டேபிள் ஆட்ரிப்யூட் இருக்கிறது, கிரேட்டின் ஆட்ரிப்யூட்டைக் கொண்டுவரும் யூஸ் வரியை மறந்தால் 'கஸ்டம் டெஸ்ட் ஃப்ரேம்வொர்க்ஸ் அன்ஸ்டேபிள்' என்று சம்பந்தமே இல்லாத மாதிரி ஒரு எர்ரர் வந்து குழப்பும்.

இரண்டு மூன்று கேஸ்தான் என்றால் இந்த இரண்டு கிரேட்டுமே வேண்டாம், உள்ளே டெஸ்ட் ஆட்ரிப்யூட்டோடு ஃபங்ஷனை உருவாக்கித் தரும் ஒரு சின்ன மேக்ரோ ரூல்ஸ் எழுதிக்கொண்டால் போதும்.