தோட்டாவா, குற்றக்கூண்டா?

பிடிபட்ட எதிரித் தலைவர்களை என்ன செய்வது என்பதில் இரண்டாம் உலகப் போரின்போது நேச நாடுகளுக்குள்ளேயே பிளவு இருந்தது. ஆளை அடையாளம் கண்டதும் சுட்டுவிடலாம் என்றார் சர்ச்சில். அமெரிக்கத் தரப்போ கடைசியில் வழக்கு நடத்தியே தீர வேண்டும் என்று நின்றது.

சுடுவதில் தாமதமில்லை, தப்பிக்க வழியும் இல்லை. உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அது நியாயமாகவே படும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் செத்தவன் சாட்சி சொல்ல மாட்டான். நாஜித் தலைவர்கள் மீது நேச நாடுகள் வழக்கு நடத்திய ஜெர்மன் நகரம் நியூரம்பெர்க். 1946 ஜனவரி 3 அன்று அங்கே நாஜிக் கொலைப்படைத் தளபதி ஓட்டோ ஓலண்டார்ஃப் சாட்சிக்கூண்டில் ஏறினார். ஓராண்டில் தன் படைப்பிரிவு சுமார் 90,000 பேரைக் கொன்றதாகச் சொன்னார். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கமா என்று கேட்டார்கள். ஆம் என்றார். கொன்றவனின் வாயிலிருந்தே வந்த இந்த வாக்குமூலம் தோட்டாவால் கிடைத்திருக்காது. அங்கே மூன்று பேர் விடுதலையும் ஆனார்கள். தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவைத்த மன்றத்தில் அது நடக்காது.

வென்றவர்களின் நீதி என்ற பழியை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. ஆயிரக்கணக்கான போலந்துக் கைதிகள் கொல்லப்பட்ட கத்தீன் (Katyn) படுகொலையைச் செய்தது சோவியத் ஆட்சி. அந்தக் கொலைப் பழியை நியூரம்பெர்க்கில் ஜெர்மானியர் மேல் சுமத்தியதும் அதுதான், அதுவும் நீதிபதி இருக்கையில் தன் ஆளை அமர்த்திக்கொண்டு. ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த டோக்கியோ மன்றத்தில் பேரரசர் ஹிரோஹிட்டோ மீது வழக்கே இல்லை. அங்கே குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் நிரபராதிகள் என்று இந்திய நீதிபதி ராதாபினோத் பால் தனித் தீர்ப்பு எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் அவர் எழுப்பிய கேள்விகள் சாகவில்லை.

இந்தக் குறையைப் போக்க வந்த சர்வதேச நீதிமன்றங்களுக்கு வேறொரு நோய்: காலதாமதம். ஹேக் நகரில் நான்கு ஆண்டுகள் விசாரணை நடந்தும், தீர்ப்புக்கு முன்பே 2006-இல் முன்னாள் யூகோஸ்லாவிய அதிபர் மிலோசெவிச் சிறையில் இறந்துபோனார்.

1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவுக்காக சர்வதேச நீதிமன்றம், ஊர் மன்றம் என இரண்டு வழிகள் ஒரே காலத்தில் நடந்தன. தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. அமைத்த நீதிமன்றம் சுமார் இருபது ஆண்டுகளில் 62 பேரைத் தண்டித்தது. தலைவர்களை எட்ட அதுதான் வழி. கச்சாச்சா என்ற ஊர் மன்றங்களோ பத்தே ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை முடித்தன. அங்கே வழக்கறிஞர் கிடையாது, பொய்ச்சாட்சிக்கும் பஞ்சமில்லை. அந்த ஓட்டை சிறியதல்ல. ஆனாலும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் தண்டனைக் குறைப்பு பெற, உடல்களை எங்கே புதைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனையோ குடும்பங்கள் அந்த இடத்தைத் தோண்டி, எலும்புகளை எடுத்துச் சென்று முறைப்படி அடக்கம் செய்தன.