இரவு கண்விழிப்பதா, விடியலில் எழுவதா?

நாளை தேர்வு, ஒரு யூனிட் பாக்கி. இரவு 2 மணி வரை உட்காருவதா, 10 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுவதா?

நினைவில் தங்குவது
இரவு: படித்தது பதியத் தூக்கம் வேண்டும், அதைத்தான் வெட்டுகிறீர்கள்.
விடியல்: மாலையில் படித்தது 7 மணி நேரத் தூக்கத்தில் பதிந்திருக்கும். புரட்டினால் போதும்.

மூளையின் கூர்மை
இரவு: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவர் அளவுக்குத் திறன் இறங்கும் என்று 1997-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. காலை 7 மணிக்கு எழுந்தவருக்கு அது நள்ளிரவு 12. ஒரே வரியை மூன்று முறை படிப்பதும், கணக்கில் கூட்டல் கழித்தலாக மாறுவதும் அதற்குப் பிறகுதான்.
விடியல்: முதல் அரைமணி மந்தமாக இருக்கும். விளக்கைப் போட்டு, முகம் கழுவி, எளிய பகுதியில் தொடங்குங்கள்.

எளிமை
இரவு: பழகியது, சுலபம்.
விடியல்: 10 மணிக்குத் தூக்கம் வராததே சிக்கல். மாலை 5 மணிக் காபியின் காஃபினில் ஏறத்தாழ பாதி அப்போதும் உடம்பில் இருக்கும். மதியத்தோடு நிறுத்துங்கள்.

மனப்பாடம், கணக்கு என்றால் தயங்காமல் விடியல். ரெக்கார்டு நோட்டு எழுதி முடிக்க மட்டும் இரவு போதும். மறுநாள் பகல் தூக்கம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.