ஒலிம்பிக்ஸா, வருடாவருடம் வரும் விழாவா? வாசலில் நின்று பார்த்தால்

பெரிய விழா வருகிறது என்றதும் எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு வருமானம் என்று ஊர் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். வீட்டு வாசலை மறித்துத் தடுப்பு வைக்கப்படுகிறவருக்கு வேறு கவலை: எல்லாம் முடிந்த பிறகு நான் யாரிடம் போய்ச் சொல்வது? இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஓர் ஊருக்கு எப்போதோ ஒரு முறை வரும் ஒலிம்பிக்ஸையும் ஆண்டுதோறும் வரும் விழாவையும் பார்க்கிறேன்.

ஒலிம்பிக்ஸின் பலம் அதன் கெடு. காலங்காலமாகத் தள்ளிப்போட்ட வேலையையும் அந்தத் தேதிக்குள் முடித்தாக வேண்டும். பார்சிலோனாவில் தொழிற்சாலைகளும் ரயில் தண்டவாளங்களும் மறைத்துக்கொண்டிருந்த கடற்கரை 1992 போட்டியையொட்டித்தான் மக்களுக்குத் திறந்தது. மறுபக்கம் மான்ட்ரியல். 1976 போட்டிக்கான கடன் அடைந்தது 2006இல். அங்கே அரங்கத்துக்கு 'பிக் ஓ' என்று பெயர். அந்த 'ஓ'வை ஆங்கிலத்தில் 'கடன்பட்டிரு' (owe) என்றும் கேட்கலாம். வரி கட்டியவர்களின் கிண்டல் அது.

கடனாவது ஊர் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்வது. வீடு போனால் போனவருக்குத்தான். லண்டன் 2012 பூங்காவுக்காக கிளேஸ் லேன் குடியிருப்பிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ரியோவில் விலா ஆட்டோட்ரோமோ என்ற குடியிருப்பில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. போராடி நிலைத்தவை 20. இவர்கள் குறை சொல்லப் போகலாம் என்றால் போட்டியை நடத்திய அமைப்புக் குழுவே இருக்காது. லண்டன் குழு மறுவருடமே கலைக்கப்பட்டது.

பெருமை? அது உண்மையான வரவு, கேலி செய்ய மாட்டேன். ஆனால் பணம் வேறு விஷயம். 2002 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னும் பின்னும், அதை நடத்திய தென்கொரியாவின் மக்களிடம் கேட்டபோது, எதிர்பார்த்த அளவுக்குப் பொருளாதாரப் பலன் வரவில்லை என்றே சொன்னார்கள்.

சரி, வருடாவருடம் வருவது சாதுவா? இல்லவே இல்லை. லண்டனின் நாட்டிங் ஹில் கார்னிவல் என்ற தெருவிழா ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாள். அதற்கு முன்பே கடைகளும் வீடுகளும் ஜன்னல்மேல் பிளைவுட் பலகை அடித்துவிடுகின்றன. ஒரு வீட்டுக்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போகிறார். அதே தெருவில் இன்னொருவர் தன் வீட்டுக் கழிப்பறைக்குக் கட்டணம் எழுதிய அட்டையோடு படியில் உட்கார்ந்திருக்கிறார். விழா நல்லதா கெட்டதா என்று இருவரிடமும் கேட்டுப் பாருங்கள்!

ஆனால் அடுத்த வருடம் என்று ஒன்று இருக்கிறதே, அதில்தான் விஷயம். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் 2000ஆம் ஆண்டு டிக்கெட் இல்லாத கூட்டம் வேலியைத் தாண்டிக் கொட்டியது. 2001இல் விழா இல்லை. 2002இல் உயரமான புது வேலியோடு வந்தது. உள்ளாட்சி மன்றம் உரிமம் கொடுத்தால்தானே மேடை? பக்கத்துக் கிராமத்தார்க்கு இலவச டிக்கெட் உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை விழா நடக்கும் பண்ணை நிலத்தைத் தரிசாகப் போட்டு விழாவுக்கே விடுமுறை விடுகிறார்கள். மண்ணுக்கு என்றுதான் சொல்கிறார்கள், அக்கம்பக்கத்துக் காதுக்கும் அது ஓய்வுதான்.

உடனே மெல்போர்னைக் காட்டுவார்கள், நியாயம்தான். ஆல்பர்ட் பூங்காவில் 1996 முதல் கார் பந்தயம். எதிர்த்தவர்கள் மரங்களில் மஞ்சள் ரிப்பன் கட்டினார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். பந்தயம் நிற்கவில்லை, ஒப்பந்தம் 2037 வரை. அங்கே முடிவு மாநில அரசின் கையில், பூங்காவில் நடக்கப் போகிறவர் கையில் இல்லை. ஆண்டுதோறும் வந்தால் மட்டும் போதாது, மறுக்கும் உரிமை பக்கத்தில் இருப்பவரிடம் இருக்க வேண்டும்.

அது இருந்தால் என் ஓட்டு வருடாந்திர விழாவுக்கே. ஒலிம்பிக்ஸில் குடியிருப்பவருக்குப் பிடி கிடைப்பது பெரும்பாலும் போட்டி ஒப்பந்தக் கையெழுத்துக்கு முன்னால் மட்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் 2015இல் 51.6 சதவீத ஓட்டில் வேண்டாம் என்றது. அதே ஆண்டு பாஸ்டன் மேயர், செலவு மீறினால் நகரம் ஏற்கும் என்ற உத்தரவாதத்தில் கையெழுத்திட மறுத்தார்; அன்றே முயற்சி முடிந்தது. கையில் கிடைத்த பிறகும் மக்கள் ஓட்டால் திருப்பிக் கொடுத்தது அமெரிக்காவின் டென்வர் மட்டுமே. 1976 குளிர்காலப் போட்டிக்கான செலவை 1972இல் கொலராடோ வாக்காளர்கள் நிராகரிக்க, போட்டி இன்ஸ்புருக்குக்குப் போனது.