பெசன்ட் நகரில் பழைய கார் சவாரி: முன்பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பாவுக்கு 70 வயது முடிந்த ஞாயிற்றுக்கிழமை, அவரை ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரில் உட்கார வைத்து எலியட்ஸ் பீச் பக்கம் ஒரு சுற்று கூட்டிப் போக ஆசைப்பட்டேன். எண்பதுகளில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஹெரால்டு ஒன்று அவரிடம் இருந்தது. நம்ம ஊர் வண்டி அது. 1961 முதல் மெட்ராஸில், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் செய்தது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் மொத்தமும் அப்படியே முன்னால் கவிழும். முதலை வாயைத் திறக்கிறது என்று நானும் தம்பியும் கத்துவோம். அதை விற்ற அன்று அப்பா சாப்பிடவில்லை.

இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. நீலமும் வெள்ளையுமாக ஒரு ஹெரால்டு, பின்னணியில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம். ஒரு மணி நேரச் சவாரி, ஐந்து பேர், 4,500 ரூபாய். முன்பணம் 2,500. வண்டியை ஒரு தடவை நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டேன். "சர்வீஸ்ல இருக்கு மேடம், ஞாயிறு சாயந்திரம் நேரா பீச்சுக்கே வந்துடும்" என்றார்கள். சரி என்று ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டேன்.

நாலரைக்கு ஆறாவது அவென்யூவில் நின்றோம். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஐந்தேகாலுக்கு ஒரு அம்பாசடர் வந்து நின்றது. புதுசாக இரண்டு வண்ணம் அடித்திருந்தார்கள். கதவின் ஓரத்தில் பழைய வெள்ளை பெயின்ட் எட்டிப் பார்த்தது. "ஹெரால்டு மக்கர் பண்ணிடுச்சு சார், இதுவும் விண்டேஜ்தான்" என்றான் ஓட்டி வந்த பையன். அப்பா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லம்மா, பிள்ளைங்க ஆசையா நிக்குதுங்க, ஏறு" என்றார். ஏமாந்தவர் என்னைத் தேற்றும்படி ஆனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உள்ளே சீட் பெல்ட் கிடையாது. இடது பக்கப் பின்கதவு தானாகத் திறந்துகொள்ளாமல் இருக்க, கைப்பிடியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம்தான் என் ஆறு வயது மகள். பீச் பக்கத்து வேளாங்கண்ணி கோயிலைத் தாண்டுவதற்குள் பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது. தலை வலிக்கிறது என்று மகள் அழ ஆரம்பித்தாள். "தம்பி, வண்டியை ஓரங்கட்டு. டிக்கியைத் திற" என்றார் அப்பா.

டிக்கிக்குள் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேன். அதன் வாயில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி, சுற்றிலும் பழைய துணியை அடைத்திருந்தார்கள். டியூப் கீழே ஒரு ஓட்டை வழியாக இஞ்சின் பக்கம் போனது. துணி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. டேங்க் துருப்பிடித்துவிட்டதாம், பழைய வண்டி என்றால் இப்படித்தானாம். "பழைய வண்டி நானும் வருஷக்கணக்கா ஓட்டியிருக்கேன் தம்பி. குழந்தைங்க முதுகுக்குப் பின்னால பெட்ரோலைத் திறந்து வச்சு ஓட்டினதில்ல" என்று சொல்லிவிட்டு, அப்பா எல்லோரையும் இறக்கினார்.

அந்தப் பையன் தினக்கூலிக்கு வந்தவன், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. போனில் பேசிய முதலாளிதான், நாங்களாக இறங்கியதால் பணம் திரும்பக் கிடைக்காது, மீதி 2,000-ஐயும் கொடுக்க வேண்டும் என்றார். கொடுக்க முடியாது என்றேன். அன்று இரவே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வண்டி நம்பரை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பார்த்தேன். எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்று, முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இன்ஷூரன்ஸும் காலாவதி. போதாததற்கு அது வெள்ளை போர்டு வண்டி. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்ற மஞ்சள் போர்டும் பெர்மிட்டும் வேண்டும். இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்திருந்தாலும், சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டினார்கள் என்று சொல்லியே கம்பெனி கையை விரித்துவிடலாம். "விண்டேஜ்" என்ற வார்த்தையில் மயங்க வேண்டாம். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டிகளுக்குத்தான் அந்தப் பதிவு. நம்பரில் விஏ (VA) என்ற எழுத்துகள் இருக்கும். அந்தப் பதிவுள்ள வண்டியைக் கண்காட்சிக்கும் ரேலிக்கும் எடுத்துப் போகலாம், வாடகைக்கு விடக்கூடாது.

ஆகவே யாராவது இப்படிச் சவாரி என்று சொன்னால், முதலில் வண்டி நம்பரைக் கேளுங்கள். நம்பர் கையில் இருந்தால் எஃப்.சி., இன்ஷூரன்ஸ் இரண்டையும் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். நம்பர் தரத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், ஏறப்போவது உங்கள் பிள்ளைகள்.

அன்று பிள்ளைகளைச் சமாதானப்படுத்த மணலில் இறங்கி நடந்தோம். கையால் சுற்றுகிற குடை ராட்டினம் ஒன்று இருந்தது. எத்தனையோ வருடம் வெயில் பார்த்த மரக் குதிரைகள். அதை வைத்திருந்த பெரியவர் ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றி, இடுப்புக் கம்பியை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். என் மகளின் குதிரையில் கொக்கி கொஞ்சம் ஆடியது. "இது வேணாம்மா, அதுல உக்காரு" என்று அவளை வேறு குதிரைக்கு மாற்றினார். சுற்றி முடித்த பிறகுதான் காசு வாங்கினார். அப்பா அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணி கோயில் கொடியேற்றம். வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இப்போது "திருவிழா ஸ்பெஷல் ரைடு" என்று போட்டிருக்கிறார்கள். அதே நீல ஹெரால்டு படம்தான். பெரிதாக்கிப் பார்த்தேன், நம்பர் பிளேட்டை மட்டும் அழித்து வைத்திருக்கிறார்கள்.