11 வருடம் ஓட்டிய பிறகு மறுபடியும் டிரைவிங் வகுப்பு: போய்வந்த அனுபவம்

லைசென்ஸ் வாங்கி 11 வருடம் ஆகிறது. பெரிய விபத்து எதுவும் நடந்ததில்லை, அதனால் நன்றாகத்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் லேன் மாறும்போது, சைடு மிரரைப் பார்த்தேன், இண்டிகேட்டர் போட்டேன், ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், அப்புறம்தான் காதுக்குப் பக்கத்தில் ஹாரன் சத்தம். ஒரு பைக். அவர் சட்டென்று ஒதுங்கியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தப்பித்தது அவருடைய கவனத்தால்தான், அதில் என் பங்கு ஒன்றுமே கிடையாது. அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மிரரைப் பார்த்தும் எப்படிக் கண்ணில் படாமல் போனார் என்ற கேள்விதான் என்னை இந்த வகுப்பில் சேர வைத்தது.

ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி இது. ஒரு காருக்கு ஒரு பயிற்சியாளர், மூன்று பேர். ஒருவர் ஓட்டும்போது மற்ற இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. சீட்டையும் மிரரையும் சரிசெய்வதற்கு ஒரு மணி நேரமா என்று பொறுமை இழந்துகொண்டிருந்தேன். ஆனால் என் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. என் சைடு மிரரில் பாதி இடத்தை என் காரின் பக்கவாட்டே அடைத்துக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் எங்களில் ஒருவரைப் பின்கதவுக்குச் சற்றுத் தள்ளி நிற்க வைத்துவிட்டு, "இப்ப அவர் தெரியுறாரா?" என்று கேட்டார். ஒரு முழு மனிதர், மூன்று மிரரிலும் இல்லை. கண்ணாடியை வெளிப்பக்கம் தள்ளி வைத்ததும் அவருடைய தோள் தெரிந்தது. அப்படியும் முழுதாகத் தெரியவில்லை, அதனால்தான் லேன் மாறும் முன்பு தலையைத் திருப்பித் தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்றார். இதை 11 வருடத்துக்கு முன்பும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் ஆள் மறைவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏர்பேக் விரிய இடம் வேண்டும், நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டராவது இருக்கட்டும் என்றும் சொன்னார். நான் அதைவிட ஒட்டித்தான் உட்கார்ந்து பழகியிருக்கிறேன்.

மீதிப் பாதி பதில் வகுப்பறையில் கிடைத்தது. 1999-ல் சைமன்ஸ், ஷாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த பரிசோதனையைப் பற்றிச் சொன்னார்கள். பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்லிவிட்டு, நடுவே கொரில்லா வேஷம் போட்ட ஒருவரை நடக்க விட்டால், பார்ப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அவரைக் கவனிப்பதே இல்லை. கார் வருகிறதா என்று தேடும் கண் பைக்கைத் தவறவிடுவதும் இதே கதைதான். இன்னொன்று, கண் வேகமாக ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தாவும்போது நடுவில் இருப்பதை மூளை சரியாக வாங்கிக்கொள்வதில்லை. சந்திப்பில் இடமும் வலமும் ஒரு வீச்சில் தலையை ஆட்டிவிட்டுப் போனால் பார்த்த மாதிரிதான் இருக்கும், பார்த்திருக்க மாட்டோம். ஒவ்வொரு இடத்திலும் பார்வையை ஒரு நொடி நிறுத்த வேண்டும்.

மைதானத்துப் பயிற்சியைப் பற்றி நிறையச் சொல்லலாம். முதலில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக் அடிக்க வேண்டும், கார் எங்கே நிற்கும் என்று நாம் நினைக்கிற இடத்தில் முன்கூட்டியே ஒரு கூம்பு வைக்க வேண்டும். ஓரளவு சரியாக வைத்தேன். பிறகு 60-ல். வேகம் இரண்டு மடங்கானால் தூரமும் இரண்டு மடங்காகும் என்று கணக்குப் போட்டு வைத்தேன், கூம்பை இடித்துத் தள்ளிக்கொண்டு ரொம்ப தூரம் போய்த்தான் நின்றேன். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, இரண்டு மடங்கு வேகத்துக்கு நாலு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்த இயற்பியல்தான், கால் பிரேக்கில் இருக்கும்போது நினைவுக்கு வருவதில்லை. இதற்கு முன்னால் பிரேக்கை மிதிக்கவே நமக்கு ஒன்று, ஒன்றரை நொடி ஆகிவிடும். 60-ல் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுகிறது வண்டி.

அப்புறம் ஏபிஎஸ். முழு பலத்தோடு மிதிக்கும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறும். என்னமோ உடைந்துவிட்டது என்று பயந்து நான் காலை எடுத்துவிட்டேன், என்னோடு வந்த இருவரும் அதையேதான் செய்தார்கள். அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் வேலை, காலை எடுக்காமல் கடைசி வரை அழுத்தியே வைத்திருங்கள், ஸ்டீயரிங் உங்கள் பேச்சைக் கேட்கும் என்றார் பயிற்சியாளர். நாலாவது முறைதான் சரியாக வந்தது. இதை முதன்முதலாக நிஜமான ஆபத்தில் சந்தித்திருந்தால் காலை எடுத்திருப்பேன், சந்தேகமே இல்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட உதவியது இரண்டாம் நாள் ரோட்டில் செய்த "பேசிக்கொண்டே ஓட்டும்" பயிற்சி. கண்ணில் படுவதையும் அதற்காக என்ன செய்யப் போகிறோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். "முன்னால பஸ் நிக்குது, அடியில ரெண்டு கால் தெரியுது, யாரோ குறுக்கே வரப்போறாங்க, வேகத்தைக் குறைக்கிறேன். ஓரமா நிறுத்தியிருக்கிற கார்ல டிரைவர் சீட்ல தலை தெரியுது, கதவு திறக்கலாம், தள்ளிப் போறேன்." பயிற்சியாளர் செய்துகாட்டியபோது எளிதாகத்தான் இருந்தது. நான் ஆரம்பித்தபோது இரண்டு நிமிடத்தில் வார்த்தை நின்றுபோனது. "பேச்சு நின்னா பார்வையும் நின்னுடுச்சுன்னு அர்த்தம்" என்றார். உண்மைதான், அந்த நேரத்தில் நான் முன்னால் போகிற வண்டியின் பம்பரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் பார்வை தானாகவே தூரமாகப் போக ஆரம்பித்தது, வேகமும் யாரும் சொல்லாமலே குறைந்தது.

பின்சீட்டில் இருந்தபோது முன்வண்டியோடு உள்ள இடைவெளியை எண்ணச் சொன்னார்கள். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பித்தால், நம் வண்டி அதே கம்பத்துக்கு வர இரண்டு நொடியாவது ஆக வேண்டும், மழையில் நாலு. ஓட்டியவர் நிதானமான மனிதர், அப்படியும் பல தடவை ஒரு நொடிதான் வந்தது. அடுத்து நான் ஓட்டியபோதும் அதே ஒரு நொடி!

போனைப் பற்றிய பாடத்தை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மைதானத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் வந்த அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டும், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், கண் நேராக ரோட்டில். முடிந்ததும் ஓரத்தில் வைத்திருந்த ஐந்து பலகைகளில் என்ன எண் இருந்தது என்று கேட்டார்கள். இரண்டைத்தான் சொல்ல முடிந்தது, மற்ற மூன்றும் இருந்ததே எனக்குத் தெரியாது. யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு பல வருடங்களாகச் சொல்வதும் இதுதான், போனைக் கையில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பேச்சு கவனத்தை இழுத்துக்கொள்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் ரோட்டைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார். போனில் பேசுபவருக்கு நம் முன்னால் என்ன வருகிறது என்று எப்படித் தெரியும்? நான் இப்போது வண்டி எடுக்கும் முன்பே போனை டிக்கியில் இருக்கும் பையில் போட்டுவிடுகிறேன்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். வகுப்பறைப் பகுதி நீளம், அதில் பாதி நேரம் விபத்துப் படங்கள். உலகம் முழுக்க வருடத்துக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள், 5 முதல் 29 வயது உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணமே இதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த ஒரு வரியே போதும், நசுங்கிய வண்டிகளை இருபது நிமிடம் காட்டுவதால் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. தூக்கக் கலக்கத்துக்கோ ஐந்தே நிமிடம்தான். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-ல் வெளிவந்த ஒரு ஆய்வைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்கள். வேலை முடிந்து நேராக நீண்ட பயணம் கிளம்புகிறவர்கள்தான் அந்த அறையில் அதிகம், அதை இன்னும் பேசியிருக்க வேண்டும்.

பெரிய குறை, இரவில் ஓட்டும் பயிற்சி இல்லை. நியூசிலாந்தில் 1987-ல் படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தபோதே, புதியவர்கள் இரவு 10 மணிக்கு மேல் தனியாக ஓட்டக் கூடாது என்று வைத்தார்கள். அவ்வளவு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டு இரண்டு நாள் பயிற்சி முழுமையானது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வழுக்கும் தரையில் காரைக் கட்டுப்படுத்தும் பயிற்சியும் கிடையாது. இதில் முதலில் எனக்கு ஏமாற்றம்தான். கேட்டபோது, நார்வேயில் புது ஓட்டுநர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிப் பார்த்தார்கள், இளைஞர்களிடம் விபத்து குறைவதற்குப் பதில் கூடியது, சமாளித்துவிடலாம் என்ற தைரியம் வந்ததுதான் காரணம் என்றார்கள். யோசித்தால் நியாயமாகவே படுகிறது. வழுக்கிய பிறகு சமாளிப்பதைவிட வழுக்காத வேகத்தில் போவதைச் சொல்லிக்கொடுக்கும் இடம் எனக்குப் போதும்.

ஐந்துக்கு நாலு மதிப்பெண் தருவேன். நேற்றுத்தான் லைசென்ஸ் வாங்கியவர்களைவிட, என்னைப் போலப் பல வருடம் ஓட்டியவர்கள் போனால் அதிகப் பலன் இருக்கும். பார்வைக் கண்ணாடி போடுபவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள், முடிந்தால் வீட்டில் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் திரும்பி வந்த பிறகு நம் பழைய பழக்கத்தைப் பக்கத்து சீட்டிலிருந்து சுட்டிக்காட்ட ஒரு ஆள் தேவைப்படுகிறது. இரவுப் பயிற்சி ஆரம்பித்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லி என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.